மூடிய கையில் எத்தனை சோழி

கேட்டவருக்குக் கல்வியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது பாவம் என்று சொன்ன வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். பீஸ் கட்ட முடியாத பிள்ளைகளை, மிஷின்கள் சும்மா கிடக்கும் மதிய நேரத்தில் வரச் சொல்வார். அந்த வகுப்பில்தான் அவர் குரல் மிகவும் கனிந்திருக்கும். அதனாலேயே, ஜாவா சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டதை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை.

"அக்கா, போன வாரம் எழுதிட்டு வந்தவருக்குக் கேள்வியெல்லாம் ஞாபகம் இருக்கு. எனக்குச் சொல்லணும்னு அவருக்கும் மனசு இருக்கு. நீங்கதான் வேண்டாங்கிறீங்க. இருக்கிறவர் இல்லாதவனுக்குக் கொடுக்கிறதை நடுவுல நின்னு தடுக்கிறது பாவம் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் வீடியோ அழைப்பில் கூடிப் படிக்கிறோம். கோவில்பட்டியிலிருந்து ஒருவர், ஓசூரிலிருந்து இருவர், மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒருவர், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து சேரும் ஒரு பெண். பேச்சு தமிழில், கோடு மட்டும் ஆங்கிலத்தில். ஜாவா, 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட மொழி. அந்த நிறுவனம் நடத்திய எஸ்சிஜேபி தேர்வு ஒரு காலத்தில் நம்மூர்ப் பிள்ளைகளின் பயோடேட்டாவில் பட்டத்துக்கு அடுத்த வரியில் இருக்கும். 2010இல் சன், ஆரக்கிள் கைக்குப் போனது. தேர்வின் பெயரும் எண்ணும் மாறின, தேர்வு நிற்கவில்லை. ஜாவா 17க்கான தேர்வில் 50 கேள்விகள், 90 நிமிடங்கள், தேற 68 சதவீதம். எல்லாமே கொடுத்திருக்கும் விடைகளிலிருந்து பொறுக்கி எடுக்கும் கேள்விகள். தேர்வு எழுதுகிறவர் ஓர் உடன்படிக்கையை ஏற்றாக வேண்டும்: பார்த்த கேள்விகளை யாருக்கும் வெளியிட மாட்டேன் என்று. ஏற்காவிட்டால் தேர்வு இல்லை.

இருந்தும் கேள்விகள் வெளியே வருகின்றன. எழுதியவர்கள் நினைவிலிருந்து திரட்டித் தரும் கேள்வி விடைக் கட்டுக்கு 'டம்ப்' என்று பெயர். சிலர் பணத்துக்கு விற்கிறார்கள். சிலர் நட்புக்காகக் கொடுக்கிறார்கள். விற்பவரைப் பற்றி யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. நட்புக்காகக் கொடுப்பவர்தான் என் யோசனை முழுவதையும் பிடித்துக்கொள்கிறார். அவர் நல்லவர். தான் பட்ட பாடு இன்னொருவர் படவேண்டாம் என்று நினைக்கிறவர். என் அப்பா அவரைப் பார்த்திருந்தால் விரும்பியிருப்பார்.

மகாபரிநிப்பான சுத்தத்தில் ஓரிடம் உண்டு. புத்தர் கடும் நோயிலிருந்து தேறி எழுந்திருக்கிறார். சங்கத்துக்கு ஏதாவது சொல்லாமல் போய்விட மாட்டார் என்ற எண்ணம்தான் தனக்கு ஆறுதலாக இருந்தது என்கிறார் அவருடைய சீடர் ஆனந்தர். புத்தர் கேட்கிறார்: சங்கம் என்னிடம் இன்னும் எதை எதிர்பார்க்கிறது? உள்ளே இருப்பவருக்கு ஒன்று, வெளியே இருப்பவருக்கு ஒன்று என்று பிரிக்காமல் அறத்தைச் சொல்லிவிட்டேன். கடைசி நேரத்துக்கு என்று எதையோ பொத்தி வைத்திருக்கும் ஆசிரியரின் மூடிய கை ததாகதருக்குக் கிடையாது.

ஆசிரியரின் பெருமையை இதைவிட உயரத்தில் வைத்த இடத்தை நான் படித்ததில்லை. தம்பியின் கேள்வியை இதன் எதிரே வைத்துப் பார்த்தால், என் கை மூடியிருப்பதாகத்தான் முதலில் தெரிகிறது. எங்கள் கூட்டத்தின் விதி அப்படி: எழுதிவிட்டு வந்தவர் கேள்விகளைச் சொல்லக் கூடாது. எந்தப் பகுதியில் தடுமாறினேன், எதற்கு நேரம் போதவில்லை என்று சொல்லலாம். பாடத்திட்டம் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருப்பதுதானே. கேள்வி மட்டும் கூடாது.

அந்தக் கைக்குள் உண்மையில் இருப்பது என்ன என்று பார்க்க ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தேர்விலிருந்தும் எடுத்ததில்லை. ஜாவா கற்பிக்கும் எவரும் சொல்லும் பழைய உதாரணம். இன்டிஜர் என்னும் வகையில் இரண்டு மாறிகள். இரண்டிலும் 127ஐப் போட்டு, இரண்டும் ஒன்றா என்று இரட்டைச் சமக்குறியால் கேட்டால் 'ஆம்' என்று வரும். இரண்டிலும் 128ஐப் போட்டுக் கேட்டால் 'இல்லை' என்று வரும். எண் ஒன்றுதான், விடை மாறுகிறது. முதல் தடவை பார்க்கிற யாரும் திகைத்துப் போவார்கள்.

காரணம் இது. அந்த இடத்தில் இரட்டைச் சமக்குறி உள்ளே இருக்கும் எண்ணைப் பார்ப்பதில்லை. இரண்டு மாறிகளும் நினைவகத்தில் உள்ள ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றனவா என்று பார்க்கிறது. மைனஸ் 128 முதல் 127 வரையிலான எண்களை இப்படி நேராகப் போடும்போது ஜாவா ஒவ்வொரு தடவையும் புதுப் பொருள் செய்வதில்லை. முன்பே செய்துவைத்ததையே எடுத்துத் தருகிறது. ஜாவா மொழி விவரக்குறிப்பின் 5.1.7 பகுதியில் இது எழுதியிருக்கிறது. யாரும் காசில்லாமல் படிக்கலாம். அதே இடத்தில் இன்னொன்றும் உண்டு. இந்த எல்லைக்கு மேலும் பொருள்களைச் சேமித்து வைத்துக்கொள்ள விவரக்குறிப்பு இடம் தருகிறது. ஆட்டோபாக்ஸ்கேச்மேக்ஸ் என்ற அமைப்பைக் கூட்டி வைத்து அதே நிரலை ஓட்டுங்கள். 128க்கும் 'ஆம்' என்று வரும். ஆக, 128க்கு 'இல்லை' என்பது வழக்கமாக வரும் விடை. மொழி நமக்குக் கொடுத்த உறுதிமொழி ஆகாது.

இதை ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்த்தவரும், 127 ஆம், 128 இல்லை என்று டம்ப்பில் பார்த்தவரும் திரையில் ஒரே கட்டத்தைத்தான் தொடுவார்கள். மதிப்பெண்ணும் ஒன்றுதான்.

12ஆம் நூற்றாண்டு ஸ்ரீஹர்ஷர் இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறார். நளன் கதையை நைஷதமாகப் பாடியவர். அதைத் தழுவித்தான் அதிவீரராம பாண்டியர் தமிழில் நைடதம் செய்தார். அந்தக் கவியே கண்டனகண்டகாத்யம் என்ற வாத நூலையும் எழுதினார். அறிவு என்பது இன்னது என்று நியாய மரபினர் வகுத்த இலக்கணங்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போகும் நூல். அதில் ஒரு சோதனை: ஒருவன் கைக்குள் சோழிகளை மறைத்துக்கொண்டு எத்தனை என்கிறான். எதிரே இருப்பவன் வாய்க்கு வந்தபடி ஐந்து என்கிறான். கையைத் திறந்தால் ஐந்துதான் இருக்கிறது. அவன் சொன்னது உண்மை. ஆனால் அவன் அறிந்தானா? 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றில் இதே மாதிரியான சிக்கலைக் கிளப்பினார். மேற்கில் இன்றுவரை அதன் மேல் வாதம் நடக்கிறது.

தம்பி கூர்மையானவர். சோழிக் கதையை நான் சொன்னதும், டம்ப் படிப்பவன் குருட்டாம்போக்கில் சொல்லவில்லையே என்றார். கைக்குள்ளே பார்த்து வந்த ஒருவர் சொல்லித்தானே அவனுக்குத் தெரிகிறது? நம்பத் தக்கவர் சொல்வதும் அறிவுக்கு வழி என்று நியாய மரபே ஏற்கிறதே?

ஏற்கிறதுதான். அவருக்கு ஒன்று தெரியும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கேள்விக்கு விடை 'இல்லை' என்பது தெரியும். அது அறிவுதான். ஆனால் சான்றிதழில் எழுதியிருப்பது அது இல்லையே. இன்னின்ன கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் என்று எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. ஜாவா தெரிந்தவர் என்று சொல்கிறது. கையில் இருக்கும் சோழியின் தொகை தெரிந்தவனை எண்ணத் தெரிந்தவன் என்று எழுதிக் கொடுக்கிறோம்.

இதற்கு நளன் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. நளவெண்பா வழியாகத் தமிழர்களுக்குப் பழக்கமான இடம். வாகுகன் என்ற பெயரில் நளன் தேரோட்டுகிறான். உள்ளே அயோத்தி மன்னன் இருதுபன்னன். வழியில் ஒரு தான்றி மரம். அதில் இத்தனை காய் என்று மன்னன் போகிற போக்கில் தொகை சொல்கிறான். பாரதத்தில் நளன் அதோடு விடவில்லை. நேரமாகிறது என்று மன்னன் பதறினாலும் தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. அதன் பிறகு அவன் கேட்டதுதான் எனக்கு முக்கியம். அடுத்த மரத்தில் எத்தனை என்று கேட்கவில்லை. எப்படி எண்ணினாய், அந்த வித்தையைக் கொடு, என் குதிரை வித்தையை உனக்குத் தருகிறேன் என்றான். மன்னனும் ஒளிக்காமல் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டதும், நளனைப் பிடித்திருந்த கலி அவனை விட்டு வெளியேறினான். தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு தேரில் ஏறியிருந்தால் கலி போயிருக்க மாட்டான்.

ஆகவே என் கையைப் பற்றி இப்போது ஒன்று சொல்ல முடிகிறது. ஜாவாவில் எதையும் நாங்கள் மறைக்கவில்லை. 5.1.7ஐப் பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொல்லி, ஓட்டிக் காட்டி, அமைப்பை மாற்றி மறுபடி ஓட்டிக் காட்டுகிறோம். சரியான விடை ஏன் சரி என்பதற்கு ஆகும் நேரத்தைவிட, மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதற்கு எங்களுக்கு நேரம் கூட ஆகும். புத்தர் மூடக் கூடாது என்றது போதனையை. போதனை முழுக்கத் திறந்து கிடக்கிறது.

கேள்வியை முன்பே பார்ப்பதே குற்றம் என்றும் நான் கருதவில்லை. ஜப்பானில் 1969இல் தொடங்கிய அரசுத் தகவல் தொழில்நுட்பத் தேர்வுகளில் பல பத்தாண்டுகளாகக் கேள்வித்தாள்களை வெளியிட்டு வந்தார்கள். பழைய தாள்களைப் போட்டுப் பழகுவதுதான் அங்கே படிப்பாக இருந்தது. நம்முடைய கேட் தேர்வின் தாளும் விடைக்குறிப்பும் பிறகு எல்லோருக்கும் கிடைக்கின்றன. அடுத்த தடவை வேறு கேள்வி வரும் என்பதால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை. அப்பாவின் மாணவர்கள் எழுதிய லோயர், ஹையர் தேர்வில் தாளை முதல் நாளே கொடுத்திருந்தால்கூட, விரல் ஓடாதவருக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது. விடையைத் திறமையிலிருந்து பிய்த்து எடுத்துவிடலாம் என்கிற தேர்வில்தான் இந்தத் தொல்லை வருகிறது. ஜாவா தேர்வு அப்படிப்பட்ட தேர்வாக இருப்பது அதன் குறை. அந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். நிரலை எழுதச் சொல்லிச் சோதிக்கும் தேர்வு வந்தால் முதலில் வரவேற்பவள் நான்.

உடன்படிக்கையை மீறுவதுதான் பாவம் என்று எங்களில் சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவு பிடிப்பு இல்லை. ஏற்காவிட்டால் தேர்வே இல்லை என்ற நிலையில் கொடுத்த வாக்குக்கு எவ்வளவு எடை என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். பெரிய நிறுவனத்துக்கு ஒரு கேள்வி போனால் புதுக் கேள்வி எழுதிக்கொள்ளும். எனக்குக் கவலை வேறு ஒருவரைப் பற்றி.

கௌதமரின் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், யார் சொல் அறிவுக்கு வழியாகும் என்று கேட்டுக்கொள்கிறார். பொருளைத் தானே நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடி பிறருக்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இவ்வளவுதான். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவர் சேர்த்துச் சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய வார்த்தை. குலமோ ஊரோ ஒருவர் சொல்லை நம்பத் தக்கதாக்குவதில்லை. அறிவும் நேர்மையும் ஆக்குகின்றன. கோவில்பட்டிப் பையனுக்குச் சான்றிதழ் ஏன் தேவைப்படுகிறது என்று யோசித்தால் இதுதான் வந்து நிற்கிறது. அவன் அப்பா யார், எந்தக் கல்லூரி, ஆங்கிலம் எப்படி என்று பார்க்காமல், 'இவனுக்குத் தெரியும்' என்று ஒரு தாள் அவனுக்காகப் பேசுகிறது. சிபாரிசு இல்லாதவனுக்குக் கிடைத்த சிபாரிசு அது. டம்ப் பெருகப் பெருக அந்தத் தாளின் பேச்சுக்கு மதிப்புக் குறைகிறது. குறைந்ததும் கம்பெனிகள் எங்கே திரும்பும்? பெரிய கல்லூரிப் பெயருக்கும் தெரிந்தவர் சிபாரிசுக்கும்தான். இல்லாதவனுக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுக்கும் டம்ப், இல்லாதவனிடம் இருந்த ஒரே சாட்சியைப் பறிக்கிறது.

இன்னொருவரும் இருக்கிறார். 127, 128 விவகாரத்தை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். எண்களை ஒப்பிட இரட்டைச் சமக்குறி போட்டு, ஒன்று இரண்டு என்று சின்ன எண்களை வைத்துச் சோதித்து, எல்லாம் சரி என்று விட்டுவிடுகிற பிழை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பிழை. புழக்கத்துக்கு வந்து வாடிக்கையாளர் எண் 127ஐத் தாண்டியதும், ஒரே ஆளை இரண்டு ஆள் என்று கணினி சொல்ல ஆரம்பிக்கும். அப்போது ஆஸ்பத்திரி பில் கவுண்டரிலோ பென்ஷன் வரிசையிலோ நிற்பவருக்கு ஜாவா என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது. உங்க பேர் பொருந்தலை, நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்புவார்கள். நடுவில் நின்று தடுக்கிறேன் என்று தம்பி சொன்னது உண்மைதான். நான் நிற்பது அவருக்கும் இந்த மனிதருக்கும் நடுவில்.

மஸ்கட்காரர் வள்ளுவரைக் கொண்டுவந்தார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையோடு சேர்க்கலாம் என்று வாய்மை அதிகாரத்திலேயே இடம் கொடுத்திருக்கிறாரே என்றார். ஒரு குடும்பம் தலையெடுக்கும் என்றால் அது நன்மைதானே? நான் மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நன்மைதான். ஆனால் வள்ளுவர் கேட்பது குற்றம் கலவாத நன்மை. கவுண்டரில் திரும்பிப் போகிறவரையும், டம்ப் பார்க்காமல் 66 சதவீதம் வாங்கித் தோற்ற ஒரு பெண்ணையும் கணக்கில் சேர்க்காமல் அந்த நிபந்தனை நிறைவேறாது. உயிருக்குத் தப்பி ஓடுகிறவனைக் காட்டிக்கொடுக்காமல் பொய் சொல்பவனுக்கு வள்ளுவர் திறந்த கதவு அது. அதன் வழியாக எல்லாரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

எனக்கு உண்மையிலேயே கடினமாக இருப்பது வேறு. "எல்லாரும் டம்ப் பார்த்துத்தான் எழுதுறாங்க அக்கா. நான் மட்டும் பார்க்கலைன்னா நான் மட்டும் தோப்பேன்." இதற்கு முன் சோழியும் நளனும் உதவ மாட்டார்கள். நேர்மையின் விலையை முழுவதும் இப்படிச் சொல்கிறவன் தலையில் கட்டிவிட்டு நான் நியாயம் பேசிக்கொண்டிருக்க முடியாது. தமிழ் வழியில் படித்துவிட்டு, சரியான மூன்று கூற்றுகளைத் தேர்ந்தெடு என்ற ஆங்கில வரியை இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் படித்துப் புரிந்து விடை சொல்ல வேண்டியவன் அவன். தோற்றால் மறுபடி கட்டணம் கட்ட வேண்டியவன். அந்தக் கட்டணம் அவன் மாதச் சம்பளத்தில் பெரிய கடி. இதில் எனக்கு வருவது ஆத்திரம்தான். ஆனால் அந்த ஆத்திரத்தை எங்கே செலவழிக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

விலையில் பங்கு எடுத்துக்கொள்ளாதவருக்கு அறம் சொல்லும் தகுதி கிடையாது என்று நான் நம்புகிறேன். அதனால் எங்கள் மாலைகளில் பாதி நேரம் இப்போது ஆங்கிலக் கேள்வியைப் படிக்கும் பயிற்சிக்குப் போகிறது. ஒரு வரியை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். எது கேட்கப்படுகிறது என்று தமிழில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நிரலைத் தொட வேண்டும். விடை சொல்கிறவர் விவரக்குறிப்பின் வரியையோ ஓட்டிய நிரலையோ காட்டியாக வேண்டும். நான் சொன்னாலும் அப்படித்தான். தேறி வேலைக்குப் போனவர்கள் மாதம் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி வைத்திருக்கிறார்கள். கட்ட முடியாதவருக்கு முதல் தடவைக்கும், தோற்றால் அடுத்த தடவைக்கும் கட்டணம் அதிலிருந்து போகும். திருப்பித் தர வேண்டியதில்லை. எங்களோடு படித்தவரைப் பற்றி யாராவது கம்பெனியிலிருந்து கேட்டால், நான் கண்டதைச் சொல்கிறேன்: பிழையின் காரணத்தைத் தேடிப் பிடிக்கும் பொறுமை இவரிடம் இருக்கிறது, பல இழைகளில் ஓடும் நிரல் இவருக்கு இன்னும் கைவரவில்லை. இரண்டையும் சொல்கிறேன். இரண்டாவதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கும். அதைச் சொல்லாவிட்டால் முதலாவதை யாரும் நம்பத் தேவையில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கான கட்டணத்தை நிதியிலிருந்து கட்டியாயிற்று. ஜெனரிக்ஸ் பகுதியில் அவர் இன்னும் தடுமாறுகிறார். போன ஞாயிறு, ஒரு பட்டியலுக்குள் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று கம்பைலர் ஏன் தடுக்கிறது என்பதை மற்றவர்களுக்கு விளக்கப் போய் நடுவில் நின்றுவிட்டார். தேர்வுத் தேதியை அவரே மூன்று வாரம் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஞாயிறும் அதே பகுதியைத்தான் எடுக்கப் போகிறோம்.